ஏரோப்ளேனுக்கு வாடகை வீடு!

ஒண்ணாம் தேதி பிறந்தால் வீட்டு வாடகை, மெயின்டனன்ஸ் சார்ஜ், போதாக்குறைக்கு டூ வீலர் நிறுத்த தனி வாடகை என்று புலம்புகிற கட்சியா நீங்கள்? வாருங்கள் சார், பக்கத்தில் உட்காருங்கள். நம்மைவிடப் பரிதாபமான ஒரு கூட்டத்தை இன்று அறிமுகம் செய்து வைக்கிறேன். அவர்களுக்கும் நம்மைப் போலவே வாடகைப் பிரச்னைதான். ஒரே வித்தியாசம், அவர்கள் நிறுத்த இடம் தேடுவது ஸ்கூட்டருக்கு இல்லை, ஏரோப்ளேனுக்கு!

'ஏரோப்ளேன் வாங்குகிற ஆசாமிக்கு வாடகை ஒரு பிரச்னையா?' என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். விசாரித்தால் கதையே வேறு. அமெரிக்காவில் சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள் இல்லை. பள்ளிக்கூட வாத்தியார், மெக்கானிக், ரிட்டயரான போஸ்ட்மேன் ரகமும் உண்டு. அவர்கள் வாங்குவது செஸ்னா 150 மாதிரி இரண்டு பேர் உட்காரும் வண்டி. 1958 முதல் 1977 வரை இருபத்து மூவாயிரத்துக்கும் மேல் தயாரித்துத் தள்ளினார்கள். ஓடுகிற நிலையில் இருக்கும் பழைய செஸ்னா 150 ஒன்றின் விலை, அந்த ஊரில் ஒரு புதுக் காரின் விலைதான். ஓடாத நிலையில், பார்ட் பார்ட்டாகக் கிடந்தால் இன்னும் சல்லிசு. அங்கேதான் வினை ஆரம்பம்!

ஏன் பழசையே கட்டிக்கொண்டு அழ வேண்டும்? காரணம் இருக்கிறது. 1978-ல் அமெரிக்கக் கம்பெனிகள் 17,811 சிறு விமானங்களை விற்றன. 1994-ல் அது 928! நூற்றுக்கு ஐந்து சொச்சம்தான். விபத்து நடந்தால் தயாரித்த கம்பெனி மேல் நஷ்டஈடு கேஸ், அதற்கு ஏறிப்போன இன்ஷூரன்ஸ் செலவு என்று பல காரணம். செஸ்னா கம்பெனி 1986-ல் சின்ன பிஸ்டன் விமானங்கள் செய்வதையே நிறுத்தி, பத்து வருஷம் கழித்துத்தான் மறுபடி ஆரம்பித்தது. பதினெட்டு வருஷத்துக்கு மேல் பழசான விமானத்துக்காகக் கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது என்று 1994-ல் சட்டம் வந்த பிறகு வந்த தைரியம் அது. ஆக, சாதாரண மனுஷன் பறக்க வேண்டுமென்றால் பழசைத் தேடிப் பிடித்துச் சரி செய்வதுதான் வழி.

சரி, வாங்கியாயிற்று. ரிப்பேர் செய்யக் காசு சேர வேண்டும், லீவு சேர வேண்டும், வீட்டில் மூடு சேர வேண்டும். அதுவரை முப்பத்து மூன்றடி அகல இறக்கையோடு நிற்கும் இந்த ஜீவனை எங்கே வைப்பது? அடியேன் பி.காம். விமானம் ஓட்டத் தெரியாது. ஆனால் செலவுக் கணக்கு போடத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வானமே கூரை

இருப்பதிலேயே மலிவு இதுதான். விமான நிலையத்தின் ஓரத்தில் திறந்தவெளியில் இடம் தருவார்கள். தரையில் கொக்கி இருக்கும். இரண்டு இறக்கைக்கும் வாலுக்கும் ஒவ்வொன்றாக, மொத்தம் மூன்று இடத்தில் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். மாட்டைக் கட்டுகிற மாதிரிதான். கட்டாவிட்டால்? செஸ்னா 150-ன் எடை ஐந்நூறு கிலோ சொச்சம்தான். பறப்பதற்கென்றே செய்த இறக்கைக்கு, உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்றெல்லாம் தெரியாது. நல்ல காற்று வந்தால் அது தன் வேலையைச் செய்துவிடும்.

வாடகை குறைவு, சரி. ஆனால் வெயில் இருக்கிறதே, அது வட்டி வாங்காமல் விடாது. ஜன்னல் அக்ரிலிக்கில் நுண்ணிய கீறலாக விழுந்து பார்வை மங்கும். பெயின்ட் வெளுக்கும். பைப்பர் கப் மாதிரி துணி போர்த்திய விமானமாக இருந்தால் சூரியனின் புறஊதாக் கதிர் துணியையே தின்றுவிடும். 'தார்ப்பாய் போட்டு மூடினால் போச்சு' என்பீர்கள். அதுதான் இல்லை! பிளாஸ்டிக் தார்ப்பாய் காற்றில் அடித்து அடித்துப் பெயின்ட்டை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். உள்ளே ஏறிய ஈரத்தை வெளியே விடாது. மூடினால் காற்றோட்டம் உள்ள துணி உறைதான் போட வேண்டும்.

இதை எழுதும்போது என் பெரியப்பாவின் லாம்ப்ரெட்டா ஞாபகம் வருகிறது. 'ரிட்டயராகட்டும், பிரித்து மேய்ந்துவிடுகிறேன்' என்று நீலத் தார்ப்பாய் போட்டுத் திண்ணை ஓரத்தில் நிறுத்தினார். வெளியிலிருந்து பார்த்தால் பத்திரமாகத்தான் இருந்தது. ஏழு வருஷம் கழித்துத் தார்ப்பாயை விலக்கினால், தரைப் பலகையில் கால் வைத்தால் கால் உள்ளே போகிறது! கடைசியில் பழைய இரும்புக்காரர் தராசில் வைத்து எடுத்துப் போனார். பெரியப்பா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ஸ்கூட்டருக்கே இந்தக் கதி என்றால், ஆகாயத்தில் போகிற வண்டிக்கு யோசித்துப் பாருங்கள்.

டி போட்ட வீடு

அடுத்தது டி-ஹேங்கர். விமானத்தை மேலேயிருந்து பார்த்தால் இங்கிலீஷ் 'டி' எழுத்து மாதிரிதானே இருக்கிறது? அதே வடிவத்தில் அறை கட்டி, ஒன்று நேராக, அடுத்தது தலைகீழாக என்று கோத்துக்கோத்து வரிசையாக வைத்திருப்பார்கள். இடம் வீணாகாது. கூரை உண்டு, கதவு உண்டு, பூட்டு உண்டு. வாடகையும் உண்டு. ஊரைப் பொறுத்து மாசம் சில நூறு டாலர். பெரிய ஊர்களில் காசு இருந்தாலும் இடம் கிடைக்காது, வெயிட்டிங் லிஸ்ட்தான்.

இதில் இன்னொரு சிக்கல். மத்திய அரசின் மானியம் வாங்கிய விமான நிலையங்களில், ஹேங்கரை எதற்குப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க விமானத் துறை 2016-ல் ஒரு கொள்கை அறிவித்தது. 2017 ஜூலையிலிருந்து அமல். விமானத்தை ரிப்பேர் செய்யலாம், புதுப்பிக்கலாம். ஆனால் பறக்காத விமானத்தைக் காலவரையறை இல்லாமல் சும்மா போட்டு வைக்கக் கூடாது! அதாவது, 'ரிப்பேர் நடக்கிறது' என்றால் சரி. 'நடக்கப் போகிறது... நடக்கப் போகிறது...' என்று ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் காலி செய்யச் சொல்லலாம். நம் ஊர் ஹவுஸ் ஓனர் தேவலை!

சாமர்த்தியசாலிகள் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். இறக்கையைக் கழற்றிவிட்டால் விமானத்தின் உடம்பு ஒல்லிக்குச்சி. ஹேங்கர் வைத்திருக்கும் நண்பரின் விமானத்து இறக்கைக்குக் கீழே ஓரமாகத் தள்ளிவிடலாம். வாடகையில் பங்கு. பேச்சுலர் மேன்ஷன் மாதிரிதான். ஆனால் உள்வாடகைக்கு அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுச் செய்வது உத்தமம்.

மாட்டுக் கொட்டகை மாளிகை

மூன்றாவது, விவசாயியின் கொட்டகை. அங்கே 'பார்ன்' என்பார்கள். வைக்கோல், டிராக்டர் எல்லாம் வைக்கும் பெரிய மரக் கொட்டகை. ஊருக்கு வெளியே நல்ல மனுஷர் கிடைத்தால் மாசம் கொஞ்சம் டாலர், கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக் என்று முடிந்துவிடும். மழை, வெயில் இரண்டுக்கும் பாதுகாப்பு. காற்றோட்டமும் இருக்கும்.

விரோதிகள் உள்ளேயே இருப்பார்கள், அதுதான் விஷயம். முதல் விரோதி எலி. பிள்ளையார் வாகனம், அலுமினிய வாகனத்துக்கு ஆகாது. இறக்கைக்குள் புகுந்து கூடு கட்டும். கூடு கட்டினால்கூடப் பரவாயில்லை, ஒண்ணுக்குப் போகும். அந்தத் திரவம் அலுமினியத்தை அரித்துப் பொடியாக்கும். வெளியே பளபளவென்று இருக்கும் இறக்கையின் உள்ளே, பாரம் தாங்கும் சட்டம் வெள்ளை மாவாக உதிர்ந்துகொண்டிருக்கும். பறக்கும்போது தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, உர மூட்டை. அதே கொட்டகையில் ரசாயன உரம் இருந்தால் உலோகத்துக்கு எமன். மூன்றாவது, மாடு! துணி விமானத்தின் துணியை மாடு நக்கிக் கிழித்துவிட்டது என்பது பழைய விமானிகள் வழக்கமாகச் சொல்லும் புகார். சினிமா போஸ்டர் தின்னும் நம் ஊர் மாடுகளுக்கு அங்கேயும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்!

ஆகவே கொட்டகை என்றால், துளை இருக்கும் இடமெல்லாம் அடைக்க வேண்டும். சக்கரத்துக்கு மேலே எலி ஏற முடியாதபடி தகடு கட்டுகிறவர்கள்கூட உண்டு. மாசத்துக்கு ஒரு தடவையாவது டார்ச் லைட்டோடு போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

பெட்டிக்குள் விமானம்

நாலாவது, கப்பலில் சரக்கு வருகிற கண்டெய்னர். நாற்பதடிப் பெட்டியின் உள்நீளம் முப்பத்தொன்பது அடிக்குச் சற்று அதிகம், அகலம் ஏழே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு. செஸ்னா 150-ன் நீளம் இருபத்து நாலு அடி. இறக்கைகளைக் கழற்றிச் சுவரோரமாக நிறுத்தி, பத்தடி அகல வால் இறக்கையையும் கழற்றினால் உடம்பு உள்ளே போகும் வாய்ப்பு உண்டு. செங்குத்து வால் எட்டடிக்கு மேல் என்பதால் உயரமான ரகப் பெட்டியாகப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அதையும் கழற்ற வேண்டும். சக்கரங்களின் அகலம் மாடலுக்கு மாடல் மாறும். டேப் வைத்து அளந்து பார்க்காமல் பெட்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பது, பீரோ வாங்கிவிட்டு மாடிப்படியில் நிற்கிற கதை!

பழைய கண்டெய்னர் சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கும். எலி வராது, திருடன் வருவது கஷ்டம், வேலை முடிந்ததும் பெட்டியை விற்றும் விடலாம். குறை ஒன்று உண்டு. ராத்திரி இரும்புக் கூரை குளிர்ந்து, உள்ளே இருக்கும் ஈரம் நீர்த்துளியாகி விமானத்தின் தலையிலேயே சொட்டும். பெட்டிக்குள் மழை! காற்றுத் துளை வைப்பது, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுவது இரண்டும் அவசியம்.

கழற்றிய இறக்கையை மல்லாக்கப் போடக் கூடாது. முன்விளிம்பு கீழே இருக்கும்படி, மெத்தென்ற தொட்டிலில் நிறுத்தி வைக்க வேண்டும். பழைய கார்ப்பெட் துண்டு இதற்கு அற்புதம். அப்புறம், கழற்றுவதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் தனிப் பையில் போட்டுச் சீட்டு ஒட்டுங்கள். 'எனக்கு ஞாபகம் இருக்கும்' என்பது மனித குலத்தின் பழைய பொய்.

எஞ்சினுக்கு ஊறுகாய்

எங்கே வைத்தாலும் எஞ்சின் தனிக்கதை. வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விட்டால் நல்லது என்று நம் ஸ்கூட்டர்காரர்கள் நம்புகிறார்கள் அல்லவா? விமான எஞ்சின் கம்பெனிகள் இதைக் கூடாது என்றே சொல்கின்றன. எரிபொருள் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. பறக்கும்போது ஆயில் நன்றாகச் சூடாகி அந்த ஈரம் ஆவியாகிவிடும். தரையில் அஞ்சு நிமிஷம் ஓடினால் தண்ணீர் சேரும், போகாது. அதே மாதிரி சும்மா கையால் ப்ரொப்பெல்லரைச் சுற்றி விடுவதும் தப்பு. ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்ச சொச்ச எண்ணெயையும் அது வழித்துவிடும். லைக்கமிங் எஞ்சின்களில் கேம் ஷாஃப்ட் மேலே உட்கார்ந்திருப்பதால் எண்ணெய் வடிந்து சீக்கிரம் துரு பிடிக்கும்.

சரியான வழி, ஊறுகாய் போடுவது! வழக்கமான ஆயிலை வடித்துவிட்டுப் பாதுகாப்பு எண்ணெய் ஊற்றி, சிலிண்டர்களுக்குள்ளும் தெளித்து, ஸ்பார்க் ப்ளக் இருக்கும் துளைகளில் சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடி ப்ளக்குகளைத் திருகிவிடுவார்கள். புது ஷூ பெட்டியில் குட்டிப் பொட்டலம் வருமே, அதே சாமான். நீலமாக இருந்தால் க்ஷேமம். ரோஸ் ஆகிவிட்டால் ஈரம் ஏறிவிட்டது, மாற்ற வேண்டும். மொத்தச் செலவு, கெட்டுப்போன எஞ்சினைப் பிரித்துச் செய்யும் செலவுக்கு முன்னால் சுண்டைக்காய்.

இன்னொரு சுண்டைக்காய் சமாசாரம், துளைகளை மூடுவது. விமானத்தின் வேகத்தைக் காட்டும் மீட்டருக்குக் காற்றைக் கொண்டு செல்லும் சின்னக் குழாய் ஒன்று உண்டு, பிட்டோ குழாய். அதற்கு ஓர் உறை. 1996 பிப்ரவரி 6-ம் தேதி டொமினிக்கன் குடியரசில் பர்ஜன்ஏர் கம்பெனியின் போயிங் 757 கிளம்பிய சில நிமிஷத்தில் கடலில் விழுந்தது. 189 பேர், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. வேகம் காட்டும் மீட்டர் ஒன்று தப்பாகக் காட்டியிருக்கிறது. விமானம் சில வாரங்கள் சும்மா நின்றபோது உறை போடாத குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருக்க வேண்டும் என்பதுதான் விசாரணையின் முடிவு. சும்மா நிற்கும் விமானத்துக்கு ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பி.காம். கணக்கு

இப்போது நம் டிபார்ட்மென்ட்டுக்கு வருவோம். ஓர் உதாரணக் கணக்கு. ஹேங்கர் வாடகை மாசம் 300 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அஞ்சு வருஷத்துக்கு 18,000. கண்டெய்னர் 4,000, இறக்கை கழற்றி மாட்டும் மெக்கானிக் கூலி 3,000, பெட்டி வைக்க விவசாயிக்கு மாசம் 50. அஞ்சு வருஷத்துக்கு மொத்தம் 10,000. எட்டாயிரம் டாலர் லாபம், பெட்டியை விற்றால் வருவது தனி. 'ஆஹா, கண்டெய்னரே' என்று குதிக்காதீர்கள். ஒன்றரை வருஷத்தில் வேலையை முடிக்கிற ஆளுக்குக் கணக்கு என்ன? ஹேங்கர் 5,400. கண்டெய்னர் 7,900! இரண்டும் சமமாகும் இடம், நாங்கள் பிரேக்-ஈவன் என்போமே, அது 28-வது மாசம். அதற்குள் முடிப்பேன் என்றால் ஹேங்கர், முடியாது என்றால் பெட்டி. எப்படியும் இறக்கையைக் கழற்றித்தான் ரிப்பேர் என்றால் அந்த 3,000 கணக்கிலிருந்து போய்விடும். சமப்புள்ளி 16-வது மாசத்துக்கு வந்துவிடும்.

ஆக, 'எங்கே வைப்பது' என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, 'எத்தனை மாசம்?' இதைக் கேட்காமல் வாங்கிப் போட்டவர்களின் விமானங்கள்தான், பின்னால் விதவை மனைவிமார் கொடுக்கும் விற்பனை விளம்பரங்களில் 'பாதி வேலை முடிந்தது' என்ற வரியோடு வருகின்றன.

பெரிய மனுஷர்கள் எப்படி வைக்கிறார்கள் என்று பார்த்தால் நமக்குப் பாடம் கிடைக்கும். அமெரிக்க ராணுவம் 1946-லிருந்து அரிசோனா மாநிலத்து டூஸான் பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான விமானங்களை வெட்டவெளியில்தான் நிறுத்துகிறது. கூரை கிடையாது. மழை சொற்பம், காற்று உலர்ந்தது, தரையோ தார் போடாமலே விமானத்தைத் தாங்கும் கெட்டி. துளைகளை மூடி வெள்ளைப் பூச்சு அடித்துவிட்டால் வேலை முடிந்தது. விமானத்தின் விரோதி வெட்டவெளி இல்லை, ஈரம் என்று புரிகிறதா?

இலவச ஸ்டோரேஜும் உண்டு! 1942-ல் கிரீன்லாந்துப் பனியில் இறங்க நேர்ந்த பி-38 போர் விமானம் ஒன்று ஐம்பது வருஷம் வாடகையில்லாமல் கிடந்தது. அதற்குள் அதன் மேல் 268 அடி பனி. 1992-ல் பனிக்குள் குழி உருக்கி இறங்கி, பார்ட் பார்ட்டாகத் தூக்கி, ரிப்பேர் செய்து, 2002-ல் பறக்கவிட்டார்கள். செலவு பல லட்சம் டாலர். ஓசி இடம் எப்போதுமே காஸ்ட்லி!

நம் நாட்டுக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர்கள் கான்பூரில் பி-24 குண்டுவீச்சு விமானங்களை, மறுபடி யாரும் பயன்படுத்த முடியாதபடி வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். அந்தக் குப்பையிலிருந்து தேறியவற்றை ஒப்பேற்றி, பறக்கும் அளவுக்கு மட்டும் சரிசெய்து, 1948-ல் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் டெஸ்ட் பைலட் ஜம்ஷெட் முன்ஷி பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே முழுசாகச் சீர் செய்யப்பட்டு, 1968 வரை இந்திய விமானப் படையில் ஓடின. எந்த ஷெட்டில் வைத்தார்கள் என்பது பெரிசில்லை சார். எவ்வளவு சீக்கிரம் கை வைத்தார்கள் என்பதுதான்.

கடைசியாக ஒரு டிப்ஸ், இதற்கு வாடகையே இல்லை. விமானத்தின் லாக்புக், அதாவது பிறந்ததிலிருந்து நடந்த ரிப்பேர் எல்லாம் எழுதிய நோட்டு, அதை மட்டும் விமானத்தோடு வைக்கக் கூடாது. அது தொலைந்தால் மார்க்கெட்டில் விலை தடாலென்று விழும். எலிக்கு அலுமினியத்தைவிடக் காகிதம் ருசி. ஆகவே அது இருக்க வேண்டிய இடம் வீட்டு பீரோ. பட்டுப்புடவைக்குப் பக்கத்தில். அங்கே இடம் வாங்குவது ஹேங்கரில் இடம் வாங்குவதைவிடக் கஷ்டம் என்றால், அதற்கு இந்த பி.காம். பொறுப்பல்ல!